ஊர் ஊரா தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு குட்டி கேமிங் பிசி அசெம்பிள் பண்றது எப்படி

முதல்ல பையை எடுத்து வச்சுக்கோங்க, கேஸ் (பார்ட்ஸ் எல்லாம் மாட்டுற பெட்டி), கார்டு எல்லாம் அப்புறம். ட்ராவலுக்குன்னு சின்ன பிசி அசெம்பிள் பண்றவங்க நிறைய பேர் இதை உல்டாவா பண்றாங்க. ஆசைப்பட்ட கிராபிக்ஸ் கார்டை முதல்ல வாங்கிடுவாங்க, அப்புறம் அது நுழையுற கேஸைத் தேடி வாங்குவாங்க, கடைசில பார்த்தா அந்த கேஸ் எந்தப் பையிலயும் போகாது, ரெண்டாவது ட்ரிப்லயே இதெல்லாம் யார் தூக்குறதுன்னு வீட்டுல வச்சிட்டுப் போயிடுவாங்க. எனக்கு மாசத்துல பாதி நாள் புனேல வேலை, மீதி சென்னை, நடுவுல திருநெல்வேலில அம்மாவைப் பார்க்க ஒரு ட்ரிப், இப்படி மூணு வருஷமா ஓடுது, அதனால எது நிக்கும் எது நிக்காதுன்னு தூக்கித் தூக்கியே தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தியாவுக்குள்ள ஃபிளைட்ல எகானமில கேபின் பேகேஜ் பொதுவா 7 கிலோ, சைஸ் கிட்டத்தட்ட 55×35×25 செமீ. இந்த 7 கிலோலதான் பிசி, பவர் கேபிள், மவுஸ், கீபோர்டு எல்லாம் அடங்கணும். துணிமணி செக்-இன்ல போகட்டும், பிசி மட்டும் கையோட வரணும். அப்போ பிசிக்கு உங்க எல்லை ஐந்தரை கிலோ, அவ்ளோதான்னு வச்சுக்கோங்க.

நான் பண்ணது இதுதான். வாங்கலாம்னு நினைச்ச கேஸோட அளவை வெப்சைட்ல பார்த்து, அதே அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டினேன், 34×22×15 செமீ. உள்ள 5 கிலோ பொன்னி அரிசி மூட்டையை வச்சு, ஆடாம இருக்க பழைய லுங்கியைச் சுத்தி அடைச்சு, அதை பேக்பேக்ல போட்டு ஒரு வாரம் ஆபீஸ் போயிட்டு வந்தேன், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு உட்பட. மூணாவது நாளே தெரிஞ்சுபோச்சு, லேப்டாப் பைல இந்த வெயிட் தாங்காது, தோள்பட்டை ஸ்ட்ராப் தையல் விட ஆரம்பிச்சிடுச்சு, மார்புல ஒரு பெல்ட்டும் இடுப்புல ஒரு பெல்ட்டும் இருக்குற கேமரா பை மாதிரி ஒண்ணுதான் வேணும்னு. பிசிக்கு ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சது பெரிய விஷயம், நீங்களும் கண்டிப்பா பண்ணிப் பாருங்க.

இன்னொன்னையும் நேர்மையா சொல்லிடறேன். போற இடத்துல ரெண்டு நாள் மூணு நாள்தான் தங்குவீங்கன்னா இது உங்களுக்கு வேணாம், கைல பிடிச்சே விளையாடற ஒரு ஹேண்ட்ஹெல்டு போதும். ட்ரெய்ன்ல பஸ்ல உட்கார்ந்தே விளையாடணும்னா லேப்டாப்தான். போற இடத்துல ஒரு மேஜை இருக்கும், ஒரு வாரம் பத்து நாள் தங்குவோம், ராத்திரி நல்லா உட்கார்ந்து விளையாடணும், அதே மெஷின் வீட்லயும் மெயின் மெஷினா இருக்கணும், இப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்த வழி. லேப்டாப்ல போடற கார்டும் டெஸ்க்டாப் கார்டும் பேர்ல ஒண்ணு மாதிரி இருக்கும், உள்ள வேற. ஆர்டிஎக்ஸ் 4070னு எடுத்துக்கிட்டா லேப்டாப்ல 8 ஜிபி மெமரி, டெஸ்க்டாப்ல 12 ஜிபி. அதோட நாளைக்கு கார்டு பழசானா கார்டை மட்டும் மாத்திக்கலாம், லேப்டாப்ல அது நடக்காது.

சரி, கேஸ். சின்ன பிசி உலகத்துல எல்லாத்தையும் லிட்டர்லதான் சொல்வாங்க, தண்ணி கேன் மாதிரி. கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர், அசெம்பிள் பண்ண ரொம்ப ஈசி, ஆனா தினம் தோள்ல போட முடியாது, கார்ல டிக்கில வச்சுப் போறவங்களுக்கு ஓகே. லியன் லி ஏ4-எச்2ஓ 11 லிட்டர், தண்ணி கூலர் போடணும்னா அது. ஃபார்ம்டி டி1 10 லிட்டருக்குள்ள வரும், ரொம்ப கச்சிதம், ஆனா அது பிரிச்சுப் பிரிச்சு சேர்க்குற கேஸ், முதல் தடவை பண்றவங்களுக்குப் பொறுமை போயிடும். நான் எடுத்தது ஃபிராக்டல் டெர்ரா, 10.4 லிட்டர். முன்னாடி மரத்துல ஒரு பட்டை இருக்கும், அழகுக்காக நான் எடுக்கல, ரெண்டு பக்கமும் பேனல் ஸ்க்ரூ இல்லாம கழண்டு வரும், அதுக்காக எடுத்தேன். ட்ராவல்ல இது எவ்ளோ உதவும்னா, ஹோட்டல் ரூம்ல ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே திறந்து உள்ள ஏதாவது ஆடுதான்னு பார்த்துக்கலாம். கண்ணாடி பேனல் இருக்குற எந்த கேஸையும் எடுக்காதீங்க, எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் சரி.

இந்த மாதிரி கேஸ்ல மதர்போர்டு ஒரு பக்கம், கிராபிக்ஸ் கார்டு இன்னொரு பக்கம், நடுவுல ஒரு தகடு. சாண்ட்விச்னு சொல்வாங்க. ரெண்டையும் இணைக்கிறது ரைசர் கேபிள்னு ஒரு பட்டையான ரிப்பன். டெர்ரால அந்த நடு தகட்டை நகர்த்தலாம், சிபியு கூலர் பக்கம் 48 மிமீல இருந்து 77 மிமீ வரை இடம் கிடைக்கும், அந்தப் பக்கம் கூட்டினா கார்டு பக்கம் குறையும். அதனால கார்டையும் கூலரையும் தனித்தனியா தேர்ந்தெடுக்க முடியாது, சேர்த்துத்தான் யோசிக்கணும். இங்க நிறைய பேர் மாட்டிக்கிற இடம், கடைக்காரர் "2 ஸ்லாட் கார்டு சார்"னு சொல்வார், ஒரு ஸ்லாட்ங்கிறது 20.32 மிமீ, அப்போ ரெண்டுக்கு 40 சொச்சம் வரணும், ஆனா நிறைய கார்டு 45, 50 மிமீ இருக்கும், பெட்டில 2.5 ஸ்லாட்னு பொடி எழுத்துல இருக்கும். மிமீ கணக்கைக் கம்பெனி வெப்சைட்ல பார்த்துட்டு மட்டும் வாங்குங்க.

போர்டு மினி ஐடிஎக்ஸ், 170×170 மிமீ, 2001ல வியான்னு ஒரு கம்பெனி கொண்டு வந்த அளவு, இன்னைக்கும் அதேதான். ரேமுக்கு ரெண்டே ஸ்லாட்தான் இருக்கும், அதனால முதல்லயே 16 ஜிபி ரெண்டு வாங்கிடுங்க, அப்புறம் சேர்த்துக்கலாம்ங்கிற பேச்சே இல்ல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஏடிஎக்ஸ், அதாவது வழக்கமான பெரிய சைஸ் போர்டு எந்தக் கடைல கேட்டாலும் எடுத்துக் கொடுப்பாங்க, ஐடிஎக்ஸ்னா பெரும்பாலும் "வரவழைச்சுத் தரேன்"னுதான் பதில் வரும், அதனால போர்டை முதல்ல ஆர்டர் போட்டுட்டு மத்ததை நிதானமா வாங்குங்க. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்கி அதை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, வாரண்டிக்கும் ஆகும், ஏர்போர்ட்ல யாராவது கேட்டா காட்டவும் ஆகும்.

சிபியு ரைசன் 5 7600, 65 வாட் ரகம், எவ்ளோ இழுத்தாலும் 88 வாட்டுல நின்னுடும். காசு இருந்தா 7800எக்ஸ்3டி போடுங்க, அது 120 வாட்னு எழுதியிருந்தாலும் பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் மெனு) இகோ மோட் 65 வாட் வச்சா அதுவும் 88லயே நிக்கும், கேம்ல பெரிசா ஒண்ணும் குறையாது. ஒரு விஷயம் மட்டும் கவனமா கேளுங்க. 7500எஃப்னு ஒரு சிபியு இன்னும் கம்மி விலைக்குக் கிடைக்கும், வீட்லயே இருக்குற பிசிக்கு அது சூப்பர், ட்ராவல் பிசிக்கு வேணாம். அதுல உள்ளுக்குள்ள டிஸ்ப்ளே கிடையாது. 7600ல சின்னதா ஒண்ணு இருக்கு, கேம் விளையாட லாயக்கில்ல, ஆனா வெளியூர்ல கிராபிக்ஸ் கார்டு ஆட்டம் கண்டு படம் வரலன்னா போர்டுல இருக்குற எச்டிஎம்ஐல வயரைச் சொருகினா ஸ்க்ரீன் வந்துடும், என்ன பிரச்னைன்னு பார்க்கலாம், ஆபீஸ் வேலையாவது ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூட காசு கொடுக்கலாம்.

கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, 180 வாட், ரெண்டு ஃபேன் குட்டி மாடல். 4060 கிடைச்சா அது 115 வாட்தான், இன்னும் குளிர்ச்சியா ஓடும். 5070 கூட நுழையும், ஆனா அது 250 வாட், இந்த அளவு கேஸ்ல அவ்ளோ சூட்டை வெளிய தள்ள ஃபேன் கத்தும், பக்கத்து ரூம் ஆளு கதவைத் தட்டுவார். கூலர் தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47, பேர்லயே இருக்கு 47 மிமீ, 7600க்கு இது போதும். கார்டு ஒல்லியா இருந்து இடம் மிச்சமிருந்தா நாக்டுவா எல்12எஸ், 70 மிமீ, சத்தம் இன்னும் குறையும். ஸ்டோரேஜ் எம்2 எஸ்எஸ்டி மட்டும், போர்டுலயே ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்துக்கும், வயர் கிடையாது. சுத்துற ஹார்டு டிஸ்க் வேணவே வேணாம், அந்த குலுக்கலுக்கு அது தாங்காது.

பவர் சப்ளைதான் எல்லாரும் கடைசில யோசிக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். அளவு எஸ்எஃப்எக்ஸ், 125×63.5×100 மிமீ. மேல சொன்ன பார்ட்ஸ் எல்லாம் சேர்ந்து 330 வாட் கிட்டதான் இழுக்கும், 600 வாட் எடுத்தா பாதி லோடுல ஃபேன் சத்தமே இல்லாம ஓடும். வாங்குறப்ப பக்கத்துல ஒட்டியிருக்குற லேபிளைப் படிங்க. இன்புட் 100-240 வோல்ட்னு இருக்கணும். நம்ம ஊருக்குன்னு வர்ற சீப் மாடல் சிலதுல 200-240 மட்டும்தான் இருக்கும், அதை அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போனா அங்க 120 வோல்ட், ஜப்பான்ல 100, ஆன் ஆகவே ஆகாது. இன்னைக்கு வெளிநாடு போற ஐடியா இல்லன்னாலும் 100-240 எடுத்துடுங்க, ஆபீஸ்ல எப்போ அனுப்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

இப்போ அசெம்பிள் பண்றது. எல்லாத்தையும் நேரா கேஸ்ல மாட்டாதீங்க, முதல்ல போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலயே போர்டை வச்சு சிபியு, ரேம், எம்2, கூலர் மாட்டி பவர் சப்ளை கொடுத்து ஆன் பண்ணிப் பாருங்க. பவர் பட்டன் இருக்காது, போர்டுல பவர் பின் ரெண்டு இருக்கும், ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு நொடி தொட்டா ஆன் ஆகிடும், எந்த ரெண்டு பின்னுன்னு மேனுவல்ல படம் இருக்கும். ஆன் ஆனதும் ஸ்க்ரீன் கறுப்பாவே நிக்கும், ஃபேன் சுத்தும், ஒண்ணும் வராது. பதறி ஆஃப் பண்ணிடாதீங்க. டிடிஆர்5 ரேம் முதல் தடவை போர்டோட பழகுறதுக்கு சில நிமிஷம் எடுக்கும், என்னோடது எட்டு நிமிஷம் எடுத்துச்சு, அந்த எட்டு நிமிஷமும் நான் காசு போச்சுன்னே நினைச்சேன். ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு வாங்க.

பயாஸ் வந்ததும் அங்கயே ஒரு வேலை. பிசிஐஇ ஸ்லாட் (கிராபிக்ஸ் கார்டு சொருகுற இடம்) ஸ்பீடுன்னு ஒரு செட்டிங் இருக்கும், ஆட்டோன்னு இருக்கும், அதை ஜென் 4னு மாத்துங்க. ஜென்னா தலைமுறை, நம்பர் கூடக் கூட ஸ்பீடு கூடும். டெர்ராவோட வர்ற ரைசர் ஜென் 4 ரகம், நம்ம 5060 டிஐ மாதிரி 50 சீரிஸ் கார்டு ஜென் 5 ரகம், போர்டும் ஜென் 5 ஆதரிக்குற ரகமா இருந்தா ஆட்டோல ரெண்டும் ஜென் 5ல பேசப் பார்க்கும், நடுவுல இருக்குற ரிப்பனால முடியாது, கறுப்பு ஸ்க்ரீன்தான். பழைய ஜென் 3 ரைசர்னா ஜென் 3. கார்டு செத்துப்போச்சுன்னு கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் விஷயம். ஜென் 4க்கு இறக்கினதால ஃபிரேம் குறையுதான்னு கேட்டா, கண்ணுக்குத் தெரியற அளவுக்கு இல்ல.

அப்புறம் கேஸுக்குள்ள போங்க. வரிசை முக்கியம், பவர் சப்ளை, போர்டு, வயர், கடைசில கார்டு. போர்டுக்குப் பவர் கொடுக்குற 24 பின் வயர்தான் முரட்டுத்தனமா இருக்கும், அதை முதல்ல சொருகி ஒதுக்கிடுங்க. வயரைக் கட்ட பிளாஸ்டிக் டை வேணாம், வெல்க்ரோ பட்டை போடுங்க, ரோட்ல திறக்க வேண்டி வந்தா பிளேடு தேட வேணாம். எல்லாம் மாட்டினதும் இதைக் கட்டாயம் பண்ணுங்க. கேஸை கையில தூக்கி மெதுவா நாலு பக்கமும் கவுத்துப் பாருங்க, தலைகீழாவும். மேஜைல நிமிர்ந்து இருக்குறப்ப ஒதுங்கியிருக்குற வயர், பைல படுத்திருக்குறப்ப தொங்கி ஃபேன் றெக்கைல போய் உட்காரும். நான் இதைப் பண்ணாம விட்டு, புனேல போய் ஆன் பண்ணா டர்ருன்னு ஒரு சத்தம், பார்த்தா சிபியு பவர் வயர் ஃபேன்ல உரசி மேல இருக்குற உறை பாதி தேய்ஞ்சிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தா உள்ள செம்பு தெரிஞ்சிருக்கும்.

கார்டு ஒரு முனைல மட்டும் ஸ்க்ரூல பிடிச்சு நிக்கும், மறு முனை காத்துல. வீட்ல அது பிரச்னை இல்ல. ஆனா ஆறு ஏழு மணி நேரம் பஸ்ல குலுங்கினா அந்த முனை மேலயும் கீழயும் ஆடி ஆடி ரைசர் சாக்கெட்டைத் தளர்த்திடும். திருநெல்வேலி போறப்ப ஒரு தடவை கண்டக்டர் பையை டிக்கில போடச் சொல்லிட்டார், காலைல இறங்கி மாட்டிப் பார்த்தா படம் வரல, கார்டு சாக்கெட்ல இருந்து ஒரு நூல் அளவு வெளிய வந்திருந்தது. அன்னைல இருந்து யோகா மேட் மாதிரி இருக்குற ஈவிஏ ஃபோம்ல ஒரு துண்டை வெட்டி கார்டோட வால் பக்கத்துக்கும் கேஸ் தரைக்கும் நடுவுல இறுக்கமா சொருகிடுவேன், ஃபேன் காத்து போற வழியை மறைக்காம. இது எப்பவுமே உள்ளயே இருக்கும், கழட்ட வேண்டியதில்ல. பஸ்ல போனாலும் அப்புறம் பையை டிக்கில போட்டதே இல்ல, மடில வச்சுப்பேன், இல்லன்னா கால் இடுக்குல.

விண்டோஸ் போட்டதும் ரெண்டு வேலை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு கார்டு செட்டிங்கை மாத்துற சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்டை 80 பர்சன்ட் வைங்க. ஃபிரேம் கொஞ்சூண்டு குறையும், சூடும் சத்தமும் நல்லாவே குறையும், மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல உட்கார்ந்து பாருங்க, அப்போ புரியும். ரெண்டாவது வேலை, டிஸ்க்ல இருக்குறதை மத்தவங்க படிக்க முடியாம பூட்டுற டிஸ்க் என்கிரிப்ஷனை ஆன் பண்ணுங்க, பை தொலைஞ்சா பிசியோட போகட்டும், உள்ள இருக்குற பேங்க் லாகின், போட்டோ போகக் கூடாது. ரெக்கவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல வைங்க, போன்லயும் வைங்க, ஏன்னா பயாஸ் அப்டேட் பண்ணினா சில சமயம் அந்தக் கீயைக் கேட்டு நின்னுடும்.

மானிட்டருக்கு 15.6 இஞ்ச் போர்ட்டபிள் ஒண்ணு வாங்கிட்டேன், லேப்டாப் கனத்துல பாதிகூட இருக்காது, செக்-இன் பைல துணிக்கு நடுவுல போயிடும். யூஎஸ்பி சி ஒரே வயர்ல ஓடும்னு விளம்பரத்துல காட்டுவாங்க, அது லேப்டாப்புக்கு, இப்போ வர்ற டெஸ்க்டாப் கார்டுல பெரும்பாலும் யூஎஸ்பி சி கிடையாது. எச்டிஎம்ஐல இருந்து மினி எச்டிஎம்ஐக்கு ஒரு வயர், பவருக்கு போன் சார்ஜர் ஒண்ணு, ரெண்டும் வேணும். ஹோட்டல் டிவி இருக்கேன்னு நம்பிப் போகாதீங்க, சுவத்தோட ஒட்டி மாட்டியிருப்பாங்க, பின்னாடி கை நுழையாது.

பேக் பண்றப்ப வைஃபை ஆண்டெனாவைக் கழட்டி தனியா ஒரு கவர்ல போடுங்க, மாட்டியே விட்டா அந்த பித்தளை முனை வளைஞ்சிடும். ஏர்போர்ட் செக்யூரிட்டில லேப்டாப்பை எடுக்குற மாதிரி இதையும் முன்கூட்டியே பைல இருந்து எடுத்து தனி ட்ரேல வச்சிடுங்க, பைக்குள்ளயே விட்டா ஸ்க்ரீன்ல ஒரு இரும்புப் பெட்டியா தெரியும், ஓரங்கட்டித் திறந்து காட்டச் சொல்வாங்க. திறக்கச் சொன்னா பேனலைக் கழட்டிக் காட்டுங்க, கம்ப்யூட்டர்னு பார்த்ததும் விட்டுடுவாங்க. வேற வழியில்லாம செக்-இன்ல போடணும்னா கார்டைக் கழட்டி ஆன்டி ஸ்டேட்டிக் கவர்ல சுத்தி கைப்பைல வைங்க, மிச்சத்தை மட்டும் அனுப்புங்க.

போய்ச் சேர்ந்ததும் உடனே ஆன் பண்ணாதீங்க. ராத்திரி முழுக்க ஏசி பஸ்ல ஜில்லுன்னு இருந்த உலோகம் நம்ம கடலோர ஊர் காத்துல பட்டா சோடா பாட்டில் மேல வேர்க்குற மாதிரி உள்ள வேர்க்கும். அரை மணி நேரம் திறந்து வச்சிட்டு குளிச்சிட்டு வந்து போடுங்க. சாக்கெட்டைப் பாருங்க, மூணு முனையும் போகணும். எல்லா நாட்டுக்கும் ஒண்ணுன்னு விக்கிற ட்ராவல் அடாப்டர் நிறையதுல எர்த் கிடையாது, அதுல மாட்டினா அலுமினியம் கேஸைத் தொடறப்ப விரல்ல ஜிவ்வுனு ஒரு கூச்சம் வரும், அது பவர் சப்ளை ஃபில்டர்ல இருந்து கசியற கரண்ட், எர்த் இருந்தா அது வழியா போயிருக்கும். சிங்கப்பூர், மலேசியா போறவங்க அந்த மூணு பட்டை முள் இருக்குற பவர் கார்டையே அங்க ஒண்ணு வாங்கிடுங்க, பிசி பக்கம் எல்லா ஊர்லயும் ஒரே சொருகுதான். ட்ரெய்ன்ல சீட் பக்கத்துல இருக்குற பிளக்ல மட்டும் இதை மாட்டிடாதீங்க, அது மொபைலுக்கும் லேப்டாப்புக்கும்.

இன்னும் ஒண்ணு, ஹோட்டல்ல கதவுப் பக்கம் ரூம் கீ கார்டு சொருகுற இடத்துல இருந்து அந்தக் கீ கார்டை எடுத்துட்டு வெளிய போனா ரூம்ல பவர் மொத்தமா போயிடும், 90 ஜிபி டவுன்லோடு பாதில நிக்கும். சின்ன ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்குற சாக்கெட்ல மட்டும் பெரும்பாலும் கரண்ட் இருந்துட்டே இருக்கும், பக்கத்துல இன்னொரு பிளக் இருந்தா அதுல மாட்டுங்க, இல்லன்னா ரிசப்ஷன்ல கேட்டா எதுன்னு சொல்வாங்க. ஆனா முடிஞ்சவரை கேமை வீட்லயே இறக்கி, ஒரு தடவை ஓப்பன் பண்ணிப் பார்த்துட்டு, ஆஃப்லைன் மோடுல ஓடுதான்னும் செக் பண்ணிட்டுக் கிளம்புங்க, நிறைய ஹோட்டல் வைஃபைல ஒரு அப்டேட் இறங்கவே விடிஞ்சிடும்.